செவ்வாய்க்கிழமை நோட்டு

எனக்கு எழுதத் தெரியும் கண்ணு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து வாசனை இல்லாத பொம்பளை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பிடித்து மனு எழுதித் தரச் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாவது வரைக்கும் படித்தவள் நான். தாலுகா ஆபீசிலேயே என் எழுத்தைப் பார்த்துவிட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த மனு என் எழுத்தில் இருக்கக்கூடாது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

பயப்படாதீர்கள், பொய் மனு இல்லை. உங்கள் பேரை எங்கேயும் போட வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. திங்கட்கிழமை என்றால் மனு கொடுக்கிற கூட்டம் தெருவரைக்கும் நிற்கும், பத்து மணிக்குள் டோக்கன் வாங்க வேண்டும். இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டிக்கொண்டு போகிறார்? உங்களுக்கு வளைவில் குமட்டுமா? எனக்குக் குமட்டும். பேசிக்கொண்டே வந்தால் தெரியாது. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எழுதுங்கள். விஷயம் தெரியாமல் எழுதினால் மனு சரியாக வராது.

என் பேர் கமலவேணி. சோலைமட்டம் நகராட்சி கோல்ப் மைதானத்தில் வேலை. பார்த்திருக்கிறீர்களா? டூர் வருகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் போட்ட மைதானம். போகிறபோது நகராட்சி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து புல் வளர்ப்பது, தண்ணீர் விடுவது, வேலி போடுவது எல்லாம் நகராட்சிதான். பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒட்ட வெட்டின புல் பாய் விரித்த மாதிரி இருக்கும், அதற்குக் கிரீன் என்று பேர். அதில் வேறு புல் ஒன்று தலை காட்டக்கூடாது. மிஷினால் எடுத்தால் வேர் நின்றுவிடுமாம். அதனால் நாங்கள் பன்னிரண்டு பொம்பளைகள் வரிசையாக முட்டி போட்டு, கூரான சின்னக் கம்பியால் குத்திக் குத்தி எடுப்போம். பதினாறு வருஷம் ஆகிறது. என் முட்டியைப் பார்த்தால் ஏதோ கோயிலுக்கு வேண்டிக்கொண்டு முட்டி போட்டே மலை ஏறினவள் என்று நினைப்பீர்கள்.

வருஷா வருஷம் பட்ஜெட் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து கத்துவார். "தெருவுக்குத் தார் போட வக்கில்ல, பணக்காரன் பந்து உருட்டறதுக்கு நகராட்சி புல் வளக்கணுமா?" அவர் கேட்பது நியாயம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புல்லில்தானே எங்கள் பன்னிரண்டு வீட்டுச் சோறு கிடக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலே இருந்து ஒரு கடிதம் வந்தது. நகராட்சி செலவு செய்கிற இடம் என்றால் பொதுமக்கள் அதைப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குக் கொடுத்துவிடு என்று. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டைத் திறந்துவைப்பது, ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் சும்மா வந்து விளையாடலாம். நாலு பழைய குச்சி, ஒரு கூடை பந்து. மேஜைமேல் ஒரு நீள நோட்டு. பேர், வீட்டு எண், வந்த நேரம், போன நேரம்.

முதல் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வழி கேட்க வந்தவர். இன்னொருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை. எங்கள் ஜனம் காலை ஏழு மணிக்கு விறகுக்கும் தேயிலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற ஜனம். அவர்கள் வந்து பந்து அடிப்பார்களா?

நகராட்சி கிளார்க் நித்தியானந்தம் என்று ஒருவர். நல்ல மனுஷன்தான். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கமலாக்கா, மாசம் அறுபது பேராவது வந்திருக்கணும். இல்லேன்னா தனியாருக்குப் போயிடும். அவன் வந்தா களைக்கு மருந்து அடிச்சிட்டுப் போவான். உங்க பன்னெண்டு பேருல ஒருத்தரையும் வெச்சுக்க மாட்டான்."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணட்டும்? ஆளைப் புடிச்சு இழுத்துட்டு வரவா?"

"ஆள் வேண்டாம்க்கா. பேர் போதும்."

எழுதினேன். என்னைத் தவிர அங்கே வேறு யாருக்கும் எழுத வராது. முதலில் பொய்ப் பேராகத்தான் எழுதினேன். நீங்கள் எழுதிப் பாருங்கள், பத்துப் பேருக்கு மேல் வராது. பதினோராவதாக எழுதுகிற பேர் உங்கள் மச்சினன் பேராகத்தான் இருக்கும். வீட்டு எண் வேறு போட வேண்டும். அப்புறம் என் தெருவையே எழுத ஆரம்பித்தேன். எங்கள் தெரு கீழ்லைன், மொத்தம் நாற்பது வீடு. மைதானத்துக்குக் கீழே, வேலியை ஒட்டி. மேல் கோடியில் ஆரம்பித்து ஒவ்வொரு வீடாக மனசுக்குள் கதவைத் தட்டிக்கொண்டே போவேன். ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பதினைந்து பேர்.

ஏனோதானோ என்று எழுதவில்லை. மூன்றாம் நம்பர் சின்னப்பொண்ணுக்கும் ஏழாம் நம்பர் ராசம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, குழாயடிச் சண்டை. இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவிட மாட்டேன். புதுசாகக் கல்யாணம் ஆனதுகளை ஜோடியாக எழுதுவேன். ஒன்பதாம் நம்பர் பெரியவர் இறந்த வாரத்தோடு அவர் பேரை நிறுத்திவிட்டேன். நித்தியானந்தம் சார்கூடச் சிரித்தார், "இருக்கட்டுமேக்கா, அவரா வந்து கேக்கப் போறாரு" என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. செத்துப்போனவர் வந்தார் என்று எழுத முடியுமா? அந்த மட்டுக்கும் நேர்மை உண்டு எனக்கு.

பதினாலாம் நம்பர் எஸ்தர். நான் பதிமூன்று. நடுவில் ஒரே சுவர், அதுவும் பாதிச் சுவர்தான், மேலே ஓடுவரைக்கும் திறந்துதான் இருக்கும். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். இருபது வருஷமாக அவள் வீட்டுக் குழம்பு என் வீட்டில், என் வீட்டுத் துவையல் அவள் வீட்டில். அவள் புருஷன் தேவசகாயம் கொத்தனார். நாலு வருஷமாக இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மினி பஸ் எட்டேகாலுக்குத்தான்.

ஆஸ்பத்திரி மைதானத்துக்கு அந்தப் பக்கம். முன்னால் ஆறாவது குழிக்கும் ஏழாவது குழிக்கும் நடுவில் ஒரு தடம் இருந்தது. சமதளம். மெதுவாக நடந்தாலும் பதினைந்து நிமிஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யார் மேலாவது பந்து பட்டுவிடும் என்று சொல்லி வேலி போட்டு அடைத்தார்கள். இப்போது சுற்றிக்கொண்டு போக வேண்டும். நாலு கிலோமீட்டர், முக்கால்வாசி ஏற்றம். போகும்போதாவது பரவாயில்லை, எஸ்தர் தாங்கிக்கொண்டு போவாள். வரும்போது அந்த மனுஷன் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவார்கள்.

ஒரு தடவை ஆஸ்பத்திரியில் அவருக்குச் செவ்வாய்க்கிழமைக்கு நாள் மாற்றிப் போட்டிருந்தார்கள். எஸ்தர் நேராக அந்தத் திறந்த கேட்டுக்கு வந்துவிட்டாள், புருஷனையும் பிடித்துக்கொண்டு. நான் பக்கத்துக் கிரீனில்தான் முட்டி போட்டிருந்தேன். வாட்ச்மேன் மறித்துவிட்டான்.

"விளையாட வந்தா உள்ள வாங்க. ஆஸ்பத்திரிக்குன்னா சுத்திப் போங்க."

எஸ்தருக்கு வாய் சும்மா இருக்காது. "அப்படின்னா ஒரு குச்சியக் குடு. அடிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் போயிடறோம்."

"ஷூ இருக்கா?"

"செருப்பே பிஞ்சு கெடக்குது, ஷூவுக்கு எங்க போவேன்?"

எல்லாரும் சிரித்தோம். தேவசகாயமும் சிரித்தார், மூச்சு வாங்கிக்கொண்டே. சிரித்துவிட்டுச் சுற்று வழிக்குத் திரும்பிவிட்டார்கள். அன்றைக்கு நோட்டில் அவர் பேரையும் எழுதினேன். அதுதான் முதல் தடவை. எதற்கு எழுதினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கேட்டுவரைக்கும் வந்தாரே என்று நினைத்திருப்பேன். அப்புறமும் எழுதினேன், வருஷத்தில் பதினோரு தடவை. மழை நாளில் எழுதவில்லை. நல்ல வெயில் அடிக்கிற செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் எழுதினேன். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் போட்டால் அவருக்கு மூன்று மணி நேரம் போடுவேன்.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா? வேண்டாம், இதோ என்னிடமே இருக்கிறது.

போன வைகாசியில் எஸ்தர் தெருவைக் கூட்டினாள். அந்தத் தடத்தைத் திறந்துவிடச் சொல்லி நகராட்சிக்கு மனு. நாற்பது வீட்டிலும் கையெழுத்து, கைநாட்டு. மனு எழுதியது யார்? நான்தான். அவளுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, "என் கணவரால் நூறு அடிகூட நடக்க முடியவில்லை" என்று அழுத்தமாக எழுதினேன். நம்பினால் நம்புங்கள், எழுதும்போது எனக்கு அந்த நோட்டு ஞாபகமே இல்லை. நோட்டு வேலை செய்கிற இடத்தில் இருக்கிறது, மனு வீட்டில் எழுதியது. இரண்டும் ஒரே மேஜைக்கு வந்து சேரும் என்று யார் கண்டது?

வந்து சேர்ந்தது. நகராட்சி மன்றத்தில் விசாரணை. ஆணையர் அம்மா புதுசாக வந்தவர், சின்ன வயசு, கறாரானவர். தெரு ஜனம் பாதி உள்ளே, பாதி வராந்தாவில். நான் கதவோரம் நின்றேன், காற்று வரட்டும் என்று. நித்தியானந்தம் சார் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

"இந்தத் தெருக்காரங்களால மைதானத்துக்குள்ள வரவே முடியலைன்னு எழுதியிருக்கீங்க. போன வருஷம் மட்டும் கீழ்லைன்லேர்ந்து எழுநூறு தடவைக்கு மேல வந்திருக்கீங்களே" என்றார் ஆணையர் அம்மா. நாலைந்து பேரையும் படித்தார்.

ராசம்மா வாய்விட்டுக் கத்தினாள், "எனக்கே தெரியாம நான் எப்படிம்மா போனேன்?" கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது யார் எழுதறது?" என்று நித்தியானந்தம் சாரைக் கேட்டார்.

"கேட்ல வெச்சு எழுதறதும்மா. வர்றவங்க சொல்லச் சொல்ல."

"பொய்யா எழுதியிருந்தா எழுதினவங்கள நான் விட மாட்டேன். வேலையும் போகும், கேஸும் வரும்." சொல்லிவிட்டு எஸ்தரைக் கூப்பிட்டார். "பதினாலாம் நம்பர், தேவசகாயம். உங்க வீட்டுக்காரர்தானே? பதினோரு தடவை வந்திருக்கார். ஒவ்வொரு தடவையும் மூணு மணி நேரம். நூறு அடி நடக்க முடியாதவர் மூணு மணி நேரம் என்ன பண்ணினார்?"

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பக்கத்திலேயே மனு. எஸ்தர் குனிந்து நோட்டைப் பார்த்தாள். மனுவைப் பார்த்தாள். மறுபடியும் நோட்டைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவர்கள் அப்படித்தான், கோலத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். அப்புறம் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். கதவுப் பக்கம் பார்த்தாள். எனக்கு ஏனோ முந்தானையைச் சரி செய்யத் தோன்றியது, குனிந்துகொண்டேன்.

"ஆமாங்கம்மா" என்றாள். "வந்திருக்காரு."

"அப்போ நடப்பாரா?"

"நல்லா இருக்கற நாள்ல நடப்பாருங்க."

அவ்வளவுதான். அவளே ஒத்துக்கொண்ட பிறகு மற்றவர்கள் பேச்சு எடுபடுமா? பொதுமக்கள் ஏற்கெனவே தாராளமாக வந்துபோகிறார்கள், தனித் தடம் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தெரு முழுக்க எஸ்தர்மேல் பாய்ந்தது. "புருஷனைப் பந்து வெளையாட அனுப்பிட்டு நம்மளக் கைநாட்டு வெக்கச் சொல்லியிருக்கறா பாரு" என்றாள் சின்னப்பொண்ணு. சின்னப்பொண்ணும் ராசம்மாவும் அன்றைக்குத்தான் பேச ஆரம்பித்தார்கள், இவளைத் திட்டுவதற்காக. குழாயடியில் இப்போதெல்லாம் எஸ்தர் குடத்தைக் கடைசியில்தான் வைக்கிறாள்.

அவள் ஏன் ஆமாம் என்றாள் என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெரிய ஆபீசரைப் பார்த்துப் பயந்திருப்பாள். சட்டென்று கேட்டால் யாருக்கும் வாய் குழறத்தானே செய்யும்? அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டினாள், கருவாட்டுக் குழம்பு. நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"வேணி, உன் வேலைக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"என் வேலைக்கு என்ன தொந்தரவு?"

"சும்மாதான் கேட்டேன். குழம்பு ஆறிடும், சாப்புடு."

நான்தான் சாப்பிடவில்லை. அன்றைக்கு வயிறு சரியில்லை எனக்கு.

நோட்டை இப்போதும் எழுதுகிறேன். என்ன செய்வது? என் ஒருத்தி வேலை என்றால் போ என்று விட்டுவிடுவேன், பன்னிரண்டு பேர் வேலை. ஆனால் தேவசகாயம் பேரை எழுதுவதில்லை. அதை நிறுத்திவிட்டேன்.

போன வியாழக்கிழமை சுற்று வழியில் அவர் விழுந்துவிட்டார். மழை, சறுக்கல். முழங்கையிலும் இடுப்பிலும் அடி. அன்றைக்கு ஆஸ்பத்திரி போகவே முடியவில்லை, ஒரு தடவை தவறிப்போயிற்று. இரண்டே நாளில் கால் வீங்கி, முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். இன்னொரு தடவை இப்படித் தவறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்குத் திங்கள். விடியற்காலையில் எஸ்தரும் அவளுடைய அண்ணன் மகனும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். எத்தனை நாள் தூக்க முடியும்?

கலெக்டருக்கு மனு கொடுத்தே ஆக வேண்டும் என்று நேற்று வந்தாள். அவளால் இன்றைக்கு வர முடியாது, அதனால் நான் லீவு போட்டு வருகிறேன் என்றேன். பேப்பரும் எடுத்தேன் எழுதிக்கொடுக்க. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எழுத வேண்டாம் வேணி. பஸ்ஸுல யாராச்சும் படிச்சவங்க இருப்பாங்க, அவங்ககிட்ட எழுதி வாங்கிக் குடுத்துரு. உன் எழுத்து வேண்டாம், ராசியில்ல."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்? ரேஷன் கார்டுக்கு, சர்டிபிகேட்டுக்கு, ஆஸ்பத்திரிக் கார்டுக்கு எல்லாம் எழுதின எழுத்து. இப்போது ராசியில்லையாம்.

என்ன கேட்டீர்கள்? நோட்டை எழுதினது நான் என்று எஸ்தருக்குத் தெரியுமா என்றா?

தெரியாது. தெரிந்தால் சும்மா இருப்பாளா? அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னேனே. அவள் பேரை எழுதிக் காட்டினால்கூட அது அவள் பேர் என்று தெரியாது. மாத்திரைச் சீட்டுக்கூட நான்தான் எழுதிக்கொடுப்பேன். அவருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. ஒவ்வொரு அட்டைமேலும் காலை, மதியம், ராத்திரி என்று எழுதி ஒட்டிக்கொடுப்பேன். படிக்கத் தெரியாதே தவிர, ஒரு தடவை மாற்றிக் கொடுத்ததில்லை. இந்தச் சுழி இருந்தால் காலை, இந்தக் கொம்பு இருந்தால் ராத்திரி என்று அடையாளம் வைத்துக்கொண்டு எடுப்பாள். ஒரு தடவை ஆஸ்பத்திரி நர்சு எழுதி ஒட்டிக்கொடுத்தாள். எஸ்தர் அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்துவிட்டாள், இது உன் எழுத்து இல்லையே, எனக்குப் புரியாது, நீ எழு...

ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன். இல்லை, குமட்டவில்லை. காற்று வரட்டும்.

கதவுப் பக்கம்தான் பார்த்தாள். நான் கதவோரம்தான் நின்றேன்.

நேரம் ஆகிறது. எழுதுங்கள் கண்ணு. மதிப்பிற்குரிய கலெக்டர் ஐயா அவர்களுக்கு. சோலைமட்டம், கீழ்லைன், பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து எஸ்தர் எழுதிக்கொள்வது. என் கணவர் தேவசகாயம் வாரம் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். மைதானத்துக்குள் இருந்த தடத்தைத் திறந்துவிட வேண்டும். அவர் அந்த மைதானத்தில் ஒரு நாளும் விளையாடியதில்லை. ம், அப்படியே. ஒரு நாளும் விளையாடியதில்லை. எங்கள் தெருவில் யாருமே விளையாடியதில்லை. செவ்வாய்க்கிழமை நோட்டில் இருப்பது வந்தவர்கள் பேர் இல்லை. அந்தப் பேர்களை எழுதியது...

அங்கே நிறுத்துங்கள். ஒரு வரிக்கு இடம் விட்டுவிட்டு, கீழே, இப்படிக்கு எஸ்தர் என்று போடுங்கள். காலையிலேயே இந்த இன்னொரு தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள், அதைச் சேர்த்துக் குத்திக்கொள்ளலாம்.

நடுவில் விட்ட வரியை நான் எழுதிக்கொள்கிறேன். பேனாவைக் கொடுங்கள், என்னிடமே இருக்கட்டும். இப்போது வேண்டாம். வண்டி எங்கேயாவது நிற்கட்டும். இந்த ஆட்டத்தில் எழுதினால் என் எழுத்து மாதிரி இருக்காது.